கோட்டுத் தைத்தவருக்கு உண்டு. கோட்டை கட்டியவருக்கு இல்லை!

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் சிற்பக் கூடங்களின் முன்னால் சற்று நிற்பது வழக்கம். உளியோசை காதில் விழுந்தவண்ணம் இருக்கும். அங்கே ஒரு பிள்ளையார் தயாராகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சிலை செய்யச் சொன்னவர் வந்து, "பிள்ளையாரை இப்போது கொடுங்கள், பாக்கியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். சிற்பி என்ன சொல்வார்? "பாக்கியை வைத்துவிட்டுப் பிள்ளையாரை எடுத்துப் போங்கள், ஐயா" என்பார். விஷயம் அத்தோடு முடிந்தது. வக்கீலும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம்.

அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் வரிசையாக உல்லாச விடுதிகள். உள்ளே செங்கல்பட்டுப் பக்கம் திரும்பினால் தொழிற்பேட்டைகள், கிடங்குகள், கம்பெனிக் கட்டடங்கள். இவற்றைக் கட்டியவர்களும் கல்லோடும் மண்ணோடும் உழைத்தவர்கள்தாம். ஆனால் கடைசி பில் வராவிட்டால் கான்ட்ராக்டர் சிற்பியைப் போலப் பேச முடியுமா? "பாக்கியைக் கொடுத்துவிட்டு விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல முடியுமா?

முடியாது. ஏன் முடியாது, அதற்கு என்ன வழி என்பதே இன்று நாம் பார்க்கப் போகும் விஷயம்.

தையற்காரரின் உரிமை

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 170-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் தம் பொருளை மற்றொருவரிடம் கொடுத்து, அதில் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்யச் சொன்னால், கூலி கைக்கு வரும் வரையில் அந்தப் பொருளைத் தம்மிடமே நிறுத்தி வைத்துக்கொள்ள வேலை செய்தவருக்கு உரிமை உண்டு. சட்டத்தை எழுதியவர்கள் இதற்கு உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். பட்டை தீட்டாத வைரத்தை நகை வியாபாரியிடம் கொடுத்தால், தீட்டிய கூலி கிடைக்கும் வரை வைரத்தை அவர் வைத்துக்கொள்ளலாம். துணியைத் தையற்காரரிடம் கொடுத்துக் கோட்டுத் தைக்கச் சொன்ன இடத்தில், மூன்று மாதத் தவணைக்கு அவரே ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் கோட்டை நிறுத்தி வைக்க முடியாது.

நம் சிற்பிக்கும் இதுவேதான். கல் வாடிக்கைக்காரருடையதானால் இந்த 170-வது பிரிவு துணைக்கு வரும். கல் சிற்பியின் சொந்தக் கல்லானால், 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் துணைக்கு வரும். விலை வராத வரை சரக்கைக் கையில் வைத்துக்கொள்ள விற்றவருக்கு அது உரிமை தருகிறது.

ஆனால் இந்த உரிமைகளெல்லாம் அசையும் பொருள்களோடு நின்றுவிடுகின்றன. கட்டடம் அசையாத சொத்து. செங்கல், சிமெண்டு, கம்பி எல்லாம் வெளியே கிடக்கும் வரை ஒரு கணக்கு; சுவரில் ஏறிவிட்டால் வேறு கணக்கு. சுவரில் ஏறியது நிலத்தோடு சேர்ந்து நிலத்துக்காரருடையதாகிவிடுகிறது. கட்டடம் எழும்பும் இடத்தில் கான்ட்ராக்டர் நிற்பது வேலை செய்வதற்கான அனுமதியின் பேரில்தான். அந்த இடம் அவர் வசத்தில் இருப்பதாகச் சட்டம் கருதுவதில்லை. பாக்கி வரவில்லையே என்று கேட்டைப் பூட்டினால் அத்துமீறல் என்று புகார் வரும். மாட்டிய ஜன்னலைக் கழற்றிக்கொண்டு போனால் போலீஸ் வரும்.

எல்லோருக்கும் பிடி, இவருக்கு மட்டும் இல்லை

அசையாச் சொத்தின் மீது யாருக்குமே பிடி கிடையாது என்றால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அப்படியும் இல்லை. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவைப் பாருங்கள். நிலத்தை விற்றவருக்கு விலையில் பாக்கி நின்றால், அந்த நிலத்தின் மீதே அவருக்குப் பாத்தியதை உண்டு. நிலம் வாங்க முன்பணம் கொடுத்து ஏமாந்தவருக்கும் அந்த நிலத்தின் மீது பாத்தியதை உண்டு. கடன் கொடுத்த பாங்கியோ பத்திரத்தையே வாங்கித் தன் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்கிறது.

ஆக, மனையை விற்றவருக்குப் பிடி உண்டு. வாங்க முன்பணம் கொடுத்தவருக்குப் பிடி உண்டு. பாங்கிக்கு உண்டு. வெறும் மனையாகக் கிடந்ததைக் கோடி ரூபாய் விடுதியாக உயர்த்தியவருக்கு மட்டும் சட்டம் தானாக ஒரு பிடியையும் தரவில்லை! அவர் வெறுங்கடன்காரரோடு வெறுங்கடன்காரராக வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

முதலாளியின் கம்பெனி நொடித்துப் போனால் அந்த வரிசை எவ்வளவு நீளம் என்பது தெரியும். 2016-ம் ஆண்டின் திவால் சட்டப்படி, சொத்தை விற்று வரும் பணத்தில் திவால் நடவடிக்கைச் செலவு முதலில் போகும். பிறகு, ஈடு பெற்ற கடன்காரர்களும், 24 மாதம் வரையிலான தொழிலாளர் பாக்கியும். அதற்கெல்லாம் பின்னால், வெகு கீழே, கான்ட்ராக்டரைப் போன்றவர்கள். அவருடைய முறை வரும்போது பாத்திரத்தில் பருக்கை மிஞ்சுமா என்பதே சந்தேகம்.

கடற்கரையில் இன்னொரு சங்கடம்

இந்தப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 1991-ல் பிறந்து, 2011-லும் 2019-லும் புதுப்பிக்கப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பின்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மாமல்லபுரத்திலோ பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னங்கள் நிறைய. அத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாதென்றும், அதற்கும் அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டுமென்றும் 2010-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது.

அனுமதி வாங்குவது முதலாளியின் பொறுப்பு என்று கான்ட்ராக்டர் நம்பி இறங்குகிறார். இரண்டு மாடி எழும்பியபின் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வருகிறது. அப்போது பாக்கி யார் தலையில்? சட்டத்துக்குப் புறம்பான ஒப்பந்தம் செல்லாது என்று 23-வது பிரிவு சொல்கிறது. முதலாளி அதையே கேடயமாகப் பிடித்துக்கொள்ளலாம். பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்று 65, 70-வது பிரிவுகளைக் காட்டிக் கான்ட்ராக்டர் வாதாடலாம். வாதாடலாம், ஆனால் வாதம் முடிவதற்குள் கம்பிக்கடைக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பாரே!

கோர்ட்டுக்குப் போனால்

"பணம் தரவில்லையானால் வழக்குப் போட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். போடலாம். கட்டட ஒப்பந்தத் தகராறு வர்த்தகத் தகராறுதான் என்று 2015-ம் ஆண்டின் வர்த்தகக் கோர்ட்டுகள் சட்டம் கூறுகிறது. 2018 முதல் 3 லட்ச ரூபாய்க்குக் குறையாத வழக்குகள் அதற்குள் வந்துவிடுகின்றன. ஆனால் அவசரப் பரிகாரம் கோராத வழக்காக இருந்தால், முதலில் சமரசத்துக்குப் போய் வந்தாக வேண்டும். இது கட்டாயம் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டும் அழுத்திச் சொல்லிவிட்டது.

வழக்கு நடக்கும்போதே முதலாளி விடுதியை விற்றுவிட்டால்? தீர்ப்புக்கு முன்பே சொத்தை ஜப்தி செய்யும்படி கேட்கச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தோடு சொத்தைக் கைமாற்றப் பார்க்கிறார் என்று காட்ட வேண்டும். வெறுங்கடனை ஈட்டுக் கடனாக மாற்றுவதற்கு இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த விதி. பாக்கி என்கிற ஒரே காரணத்துக்காக ஜப்தி கிடைத்துவிடாது.

காலக்கெடு வேறு இருக்கிறது. பணம் கொடுக்கத் தேதி குறிக்காத வேலையானால், வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான். "அடுத்த சீசனில் தருகிறேன்" என்ற வாய்ப்பேச்சை நம்பி மூன்று சீசன்களை விட்டவர்களுக்கு நான்காவது சீசனில் கோர்ட்டுக் கதவும் அடைபட்டுவிடும். கெடுவுக்குள் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றில் முதலாளி கடனை ஒப்புக்கொண்டால் கணக்குப் புதிதாகத் தொடங்கும்; வெறும் வாய்ச்சொல்லால் தொடங்காது.

45 நாள் சட்டம்

சட்டம் அடியோடு கையை விரித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சிறிய கான்ட்ராக்டருக்கு ஓர் ஆயுதம் இருக்கிறது. அதுதான் 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம்.

இச்சட்டப்படி குறுந்தொழில், சிறுதொழில் நடத்துகிறவரிடம் சரக்கோ சேவையோ பெற்றவர், ஒப்புக்கொண்ட கெடுவுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. கெடு எதுவும் எழுதவில்லையென்றால் 15 நாள். தவறினால், ரிசர்வ் பாங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வங்கி வீதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், மாதத்துக்கு ஒன்றரை. 10 லட்ச ரூபாய் பாக்கியை ஓராண்டு இழுத்தடித்தால், வட்டி மட்டும் சுமார் 1 லட்சத்து 95 ஆயிரத்து 600 ரூபாய் ஏறிவிடும். பாங்கியில் கடன் வாங்கிக் கொடுத்துவிடுவதே மேல் என்று முதலாளிக்குத் தோன்ற வேண்டும் என்பதே சட்டத்தின் எண்ணம்.

தகராறு வந்தால் இதற்கென்று உள்ள குழுவிடம் முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் இக்குழுக்கள் அமைந்திருக்கின்றன. முறையீட்டை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். குழுவின் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக விரும்பும் முதலாளி, தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்னதாகக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இழுத்தடிப்பவர்களுக்கு இந்த ஷரத்துத்தான் வேப்பங்காய்.

ஆனால் ஆயுதத்தில் இரண்டு விரிசல்கள் உண்டு. ஒன்று, சாமானையும் உழைப்பையும் சேர்த்துச் செய்யும் முழுக் கட்டட வேலை இந்தச் சட்டத்துக்குள் வராது என்று பம்பாய் ஹைக்கோர்ட்டு உட்படச் சில ஹைக்கோர்ட்டுகள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. மாறான தீர்ப்புகளும் உண்டு. இரண்டு, பதிவு. ஒப்பந்தம் செய்தபின் பதிவு செய்துகொண்டவர் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்ற கருத்து முந்திய தீர்ப்புகளில் இருந்தது. 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் இதில் வேறு கருத்துக் கொண்டு, பிரச்னையைப் பெரிய பெஞ்சுக்கு அனுப்பினார்கள். வம்பு எதற்கு? உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது. வேலைக்குக் கையெழுத்துப் போடுமுன் பதிந்துவைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

நடுவில் மாட்டிக்கொண்டவர்

கான்ட்ராக்டர் என்றதும் காரில் வந்து இறங்கும் பணக்காரர் ஒருவரை மனத்தில் நினைத்துக்கொள்கிறோம். கோடிக்கணக்கில் வேலை எடுக்கும் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குக் கீழே சென்டிரிங் வேலைக்காரர், கம்பி கட்டுபவர், மின்சார வேலை எடுத்தவர், டைல்ஸ் பதிப்பவர், வர்ணம் பூசுகிறவர் என்று படிப்படியாகச் சிறியவர்கள் இருக்கிறார்கள். நேற்று வரை கொத்தனாராக இருந்து இன்று நான்கு ஆளை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரியும் அவர்களில் ஒருவர்.

இந்த மேஸ்திரியின் நிலையைப் பாருங்கள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அவர் கூலி கொடுத்தாக வேண்டும். வாரக் கூலியானால் வாரத்தின் கடைசி வேலை நாளில் கொடுக்க வேண்டும் என்பது 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் விதி. அவர் தவறினால் வேலை நடக்கும் நிறுவனத்தின் சொந்தக்காரர் கூலிக்குப் பொறுப்பாவார். 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே இந்தப் பாதுகாப்பு வந்துகொண்டிருக்கிறது. நல்ல ஏற்பாடு, சித்தாளின் அடுப்பு அணையக் கூடாது.

ஆனால் மேஸ்திரிக்கு வர வேண்டியது? "எனக்கு முதலாளி கொடுத்தால் உனக்குத் தருகிறேன்" என்கிறார் மேலே உள்ள பெரிய கான்ட்ராக்டர். கீழே சனிக்கிழமைதோறும் பட்டுவாடா. மேலே என்றைக்கு வரும் என்று தெரியாத பில். நடுவில் உள்ள பள்ளத்தை அவர் மனைவியின் நகையும் கந்து வட்டியும்தான் நிரப்புகின்றன.

மற்ற தேசங்களில்

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் வாஷிங்டன் தலைநகரைப் புதிதாக எழுப்பிய நாளில், 1791-லேயே, மேரிலாந்து சட்டசபை ஒரு சட்டம் செய்தது. கட்டடம் கட்டியவருக்குப் பாக்கி நின்றால் அந்தக் கட்டடத்தின் மீதே பாத்தியதை என்பது அதன் சாரம். இன்று அங்கே எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் உண்டு. கெடுவுக்குள் பாத்தியதையைப் பதிவு செய்துவிட்டால், அதைத் தீர்க்காமல் முதலாளி சொத்தைச் சுலபமாக விற்கவோ அடகு வைக்கவோ முடியாது.

பிரிட்டன் வேறு வழியில் போயிற்று. 1996-ம் ஆண்டுச் சட்டப்படி, தகராறு வந்தால் நடுவர் ஒருவர் 28 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முதலில் பணத்தைக் கொடு, சண்டையைப் பிறகு வைத்துக்கொள் என்பது அதன் தத்துவம். "எனக்கு வந்தால் உனக்கு" என்ற ஷரத்தும் அங்கே பொதுவாகச் செல்லாது. சிங்கப்பூர் 2004-லும் மலேசியா 2012-லும் இதே வழியில் சட்டம் செய்தன. நம்மூர்க் கொத்தனாரும் கம்பி வேலைக்காரரும் கப்பலேறிப் போய்க் கட்டடம் எழுப்பிய தேசங்கள் இவை. நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் டொரோண்டோ நகரம் உள்ள ஒண்டாரியோ மாகாணத்தில், சரியான பில் வந்த 28 நாளில் முதலாளி பணம் தர வேண்டும். அது கைக்கு வந்த 7 நாளில் கான்ட்ராக்டர் தமக்குக் கீழுள்ளவர்களுக்குத் தர வேண்டும். 2019 அக்டோபர் முதல் அங்கே இது சட்டம்.

முதலாளி தரப்பையும் கேட்போம்

நியாயம் என்பது ஒரு பக்கத்து வழக்கன்று. கடற்காற்றில் உப்பு உண்டு. சரியான மூடுகனம் விடாமல் காங்கிரீட்டுப் போட்டால், உள்ளே கம்பி துருப்பிடித்துச் சில வருஷத்தில் கூரை உதிரும். அரைகுறை வேலைக்கு முழுப் பணம் கொடு என்று யாரும் கேட்க முடியாது. பெரிய கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்ட முதலாளி, அவர் கீழே கொடுக்கவில்லை என்பதற்காக இரண்டாம் முறை கொடுப்பதும் அநீதிதான். இதற்காகவே ஒண்டாரியோவில் பில்லில் 10 சதவீதத்தைக் கீழுள்ளவர்களுக்காக நிறுத்தி வைக்கும்படி சட்டமே சொல்கிறது. ஆகவே குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்து மூலம் சொல்லட்டும். நடுவர் வந்து பார்த்து இத்தனை கழிவு என்று சொல்லட்டும். விடுதியில் ஆட்கள் வந்து தங்கி, அறைக்கு வாடகையும் வசூலான பிறகு, "சுவரில் விரிசல்" என்று புதிதாகக் கண்டுபிடிப்பதுதான் கூடாது.

நம் சட்டசபையால் முடியும்

டில்லி செய்ய வேண்டிய காரியம் இது என்று சும்மா இருந்துவிடத் தேவையில்லை. நம் அரசியல் சட்டத்தில், விவசாய நிலம் நீங்கலான சொத்து மாற்றமும், ஒப்பந்தங்களும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. மாநிலச் சட்டசபையும் இவற்றில் சட்டம் செய்யலாம். மத்தியச் சட்டத்தோடு மோதினால் ஜனாதிபதியின் சம்மதம் வேண்டும், அவ்வளவுதான். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982-லேயே தனிச் சட்டம் செய்த ராஜ்யம் நம்முடையது.

சட்டம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. வியாபாரக் கட்டடங்களுக்கு மட்டும் என்று வரையறுக்கலாம். பில் கொடுத்தால் குறித்த நாளுக்குள் பணம், அல்லது எழுத்து மூலம் ஆட்சேபம். தகராறானால் ஒரு மாதத்தில் நடுவர் முடிவு. முடிவுப்படி கொடுக்காவிட்டால், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கமாகப் பதிய உரிமை. வில்லங்கச் சான்றிதழில் ஒரு வரி ஏறும் என்றால், பாக்கி தானாக வந்து சேரும்.

அதுவரையில் நம் கான்ட்ராக்டர்களும் மேஸ்திரிகளும் செய்துகொள்ளக் கூடியவை சில உண்டு. வேலைக்கு முன் உத்யம் பதிவு. வாய்ப்பேச்சுக்குப் பதில் கையெழுத்திட்ட ஒப்பந்தம். அதில் தவணை, வட்டி, பணம் வராவிட்டால் வேலையை நிறுத்தும் உரிமை. முதலாளி சம்மதித்தால் சொத்தின் மீது பாத்தியதையும் எழுதிப் பதிவு செய்யலாம், அல்லது பாங்கி ஜாமீன் கேட்கலாம். கடற்கரை அனுமதியையும் தொல்பொருள் இலாகா அனுமதியையும் கண்ணால் பார்த்தபின் கடைக்கால் தோண்டுவது. ஒவ்வொரு கட்டத்திலும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவது. அடுத்த வேலை கிடைக்காதோ என்ற பயத்தில் இந்தக் கையெழுத்தைக் கேட்கக் கூசுகிறவர்கள்தாம் பிற்பாடு வாசற்படி வாசற்படியாக ஏறி இறங்குகிறார்கள்.

ஐந்து ரதங்களிலே வேலை முற்றுப்பெறாமல் நின்ற இடங்களை இன்றும் பார்க்கிறோம். என்ன காரணத்தால் நின்றதோ, பல்லவர் காலத்தோடு போயிற்று. நம் காலத்தில் பாதியில் நிற்கும் கட்டடங்களுக்கும், பாதியில் நிற்கும் குடும்பங்களுக்கும் காரணம் நமக்குத் தெரியும். பிள்ளையாரைச் செதுக்கியவருக்குள்ள உரிமை, அந்தப் பிள்ளையாரை வரவேற்பறையில் வைத்திருக்கும் விடுதியைக் கட்டியவருக்கும் வர வேண்டாமா?